ஒற்றைக் கம்பியும் காஹாங் காடும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் காஹாங்கை நெருங்கும்போது இரு பக்கமும் செம்பனைதான். சாலையோரத்தில் மின்கம்பங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றின் உச்சியில் மின்சாரக் கம்பிகள். கீழே தொய்ந்து தொங்கும் கறுப்புக் கேபிள்கள். பனை உச்சிகளுக்கு மேலே எங்கோ ஒரு கைப்பேசிக் கோபுரம். யானைகள் இன்னமும் சாலையைக் கடக்கும் வட்டாரம் இது. ஊரை விட்டு வடக்கே தோட்டத்து மண் சடக்கில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் போனால் எண்டாவ் ஆற்றங்கரையில் கம்போங் பெத்தா. ஜக்குன் என்ற பூர்வகுடி மக்களின் ஊர், எண்டாவ் ரோம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர்ப் பக்க வாசல்களில் ஒன்று. அந்த 56 கிலோமீட்டரில் தோட்டம், லயங்கள், மறுபடி தோட்டம், பிறகு காடு. ஆட்கள் குறைவு, மரங்கள் அதிகம், மழை அதைவிட அதிகம்.

இப்படிப்பட்ட இடத்துக்குச் செய்தியை எப்படிக் கொண்டுபோவது? கம்பி இழுப்பதா, காற்றில் அலையாக அனுப்புவதா? ஏறக்குறைய 180 ஆண்டுகளாக உலகின் ஒதுக்குப்புறங்கள் எல்லாமே இந்தக் கேள்வியைக் கேட்டுவருகின்றன. அந்தத் தேடலில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது ஒரு யோசனை: ஒரே ஒரு கம்பி போதாதா? தந்தியில் வந்தது, கடலடிக் கேபிளில் வந்தது, தொலைபேசியில், மின்விநியோகத்தில், நுண்ணலையில் வந்தது. ஒவ்வொரு முறையும் ஏன் வந்தது, எங்கே தோற்றது என்று பார்த்தால் காஹாங்குக்கு எது பொருந்தும் என்பதும் தெரியும். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பியும் அலையும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல. கம்பி என்பது அலைக்குப் போட்டுக்கொடுத்த தடம்.

மின்சுற்று என்றால் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கம்பி வேண்டும் என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். 1838இல் ஜெர்மனியின் ஷ்டைன்ஹைல், தண்டவாளத்தையே தந்திக் கம்பியாகப் பயன்படுத்த முயன்றபோது மின்னோட்டம் மண்ணுக்குள் கசிவதைக் கண்டார். அந்தக் கசிவையே அவர் வசதியாக மாற்றிக்கொண்டார். இரண்டு முனைகளிலும் உலோகத் தகட்டைப் புதைத்துவிட்டால் திரும்பு கம்பி வேலையை மண்ணே செய்துவிடும். பாதிக் கம்பி மிச்சம். அடுத்த ஆண்டே, 1839இல், கல்கத்தாவில் மருத்துவரும் வேதியியல் பேராசிரியருமான வில்லியம் ஓஷாக்னசி, தாவரவியல் பூங்காவில் மூங்கில்களை நட்டு இரும்புக் கம்பியை மைல் கணக்கில் வளைத்து வளைத்துக் கட்டினார். மின்னோட்டம் திரும்பி வர அவர் பயன்படுத்தியது ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரை. ஐரோப்பாவின் சோதனைகளைப் பார்த்து நகலெடுக்காமல் வெப்பநாட்டு மழையையும் மண்ணையும் வைத்தே அவர் கணக்குப் போட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னாளில் இந்தியத் தந்திக்கு அவர் தேர்ந்தெடுத்தது மெல்லிய கம்பியை அல்ல, கனத்த இரும்புத் தண்டை. குரங்குகள் வந்து தொங்கினாலும் தாங்க வேண்டும் அல்லவா!

மண் செம்பைப் போன்ற நல்ல கடத்தி அல்ல. ஆனாலும் அதன் அகலத்துக்கும் ஆழத்துக்கும் அளவில்லை என்பதால் மொத்தத் தடை மிகக் குறைந்துவிடுகிறது. தடை ஏறக்குறைய முழுவதும் தகட்டைச் சுற்றியுள்ள சில மீட்டர் மண்ணில்தான். அந்த மண் ஈரமாக இருந்தால் போதும். ஜொகூரின் சதுப்பும் களிமண்ணும் இதற்கு வரப்பிரசாதம். மண்ணுக்குள் மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைக் கணக்கிட்டுத் தந்தவர் ஜான் கார்சன். 1926இல் பெல் நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரை, மண்வழித் திரும்பல் கொண்ட கம்பிகளில் அலை எப்படிப் பரவுகிறது என்பதற்கான அடிப்படை. அதன்படி, சராசரி ஈரப்பதம் உள்ள மண்ணில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஏறத்தாழ 930 மீட்டர் ஆழத்தில் ஒரு கற்பனைக் கம்பி ஓடுவது போலத் திரும்புகிறது. பேச்சுக்குரிய 1,000 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 200 மீட்டர். அதிர்வெண் கூடக்கூட அலை மண்ணின் மேற்பரப்புக்கு ஏறி வருகிறது.

ஒற்றைக் கம்பியின் பலவீனமும் அந்த ஆழத்திலேயே இருக்கிறது. மேலே கம்பி, கீழே பல நூறு மீட்டரில் அதன் நிழல்; நடுவே விரியும் பரப்பு பெரிய வலை மாதிரி. பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் இரைச்சலும், பிற்பகலில் தவறாமல் வரும் இடியின் மின்னலும் அந்த வலையில் விழும். தந்தியின் கட்டு, கட, கட்டு, கட என்ற தட்டலுக்கு இது பெரிய தொல்லை இல்லை. மனிதக் குரலுக்குத் தொல்லைதான்.

கடலுக்கடியிலும் ஒற்றைக் கம்பியே போனது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1870-71இல் போட்ட தந்திக் கேபிளில் இருந்தது ஒரே செப்புக் கடத்தி. திரும்பு வழி கடல்நீர். செம்பு கடல்நீரைத் தொட்டுவிடாமல் காத்தது ஒரு மரத்தின் பால். இந்த இடத்தில் காஹாங் காடு உலகக் கதைக்குள் வருகிறது. மலாய்க்காரர்கள் ‘தாபான்’ என்று அழைத்த அந்த மரத்தின் பால்தான் கட்டாபெர்ச்சா. வெந்நீரில் இளகும், ஆறினால் கெட்டிப்படும், கடலடியில் பல்லாண்டு கெடாது. 1843இல் மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரியும் ஹோசே டி அல்மெய்டாவும் சிங்கப்பூரிலிருந்து மாதிரிகளை லண்டனுக்குக் கொண்டு சேர்த்தார்கள். 1848இல் மைக்கேல் ஃபாரடே அது சிறந்த மின்காப்புப் பொருள் என்று எழுதினார். பிறகு ஒரே வேட்டை. ரப்பர் மரத்தைப் போலச் சீவிப் பால் எடுக்கும் வழக்கம் அதற்கு இல்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பட்டையில் வளையம் வளையமாக வெட்டிச் சொட்டவிட்டார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்தது சொற்பம். சிங்கப்பூர்த் தீவில் மரம் சில ஆண்டுகளிலேயே அருகிப்போக, வேட்டை ஜொகூர் உட்காடுகளுக்குள் நுழைந்தது. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் அந்த வணிகத்தைத் தன் கைக்குள் வைத்துச் செல்வம் சேர்த்தார். காட்டுக்குள் போய் மரத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர்களில் ஜக்குன் மக்களும் இருந்தார்கள். சிங்கப்பூரில் இதழ் நடத்திய ஜே. ஆர். லோகன் 1847இல் ஜொகூர் உட்பகுதியின் பூர்வ குடிகளைப் பற்றி விரிவாக எழுதியது இதே காலத்தில்தான்.

நான் இதை நினைத்து நினைத்துப் பார்ப்பதுண்டு. கண்டங்களை இணைத்த கம்பிகளுக்கு மேற்பூச்சு கொடுத்தது இந்தக் காடு. அந்தக் காட்டு மக்கள்தான் இணைப்பு வரிசையில் கடைசியாக நிற்பவர்கள். கம்போங் பெத்தாவுக்குச் செய்தித்தொடர்பு தருவதைச் சலுகை என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்க மனம் வருவதில்லை.

கடலடிக் கேபிள்தான் அறிவியலுக்கும் ஒரு பாடம் சொன்னது. கம்பி என்பது மின்சாரம் ஓடும் குழாய் என்று நினைத்திருந்த காலம் அது. 1858இல் அட்லாண்டிக் கேபிளில் செய்தி மந்தமாக வந்தது என்று அதன் மின்னியலாளர் வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்த, சில வாரங்களுக்குள் கேபிளே செத்துப்போனது. அழுத்திப் பிடித்துத் தள்ளினால் வேகம் வராது என்பதை இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் முன்பே கணக்கில் காட்டியிருந்தார்: நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும். 1880களில், பள்ளிப் படிப்பைத் தாண்டாத முன்னாள் தந்தி ஊழியர் ஆலிவர் ஹெவிசைடு இன்னும் ஆழமாகப் போனார். ஆற்றல் கம்பிக்குள் ஓடவில்லை. கம்பியைச் சுற்றியுள்ள வெளியில் அலையாக ஓடுகிறது. கம்பி அதற்கு வழி காட்டுகிறது. இன்று பொறியியல் மாணவர்கள் படிக்கும் கம்பிவடச் சமன்பாடுகள் அவர் எழுதியவை. கம்பியா அலையா என்ற வழக்குக்கு அவர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார் என்றுதான் நான் சொல்வேன்.

தொலைபேசி வந்தபோது நகரங்கள் ஒற்றைக் கம்பியைச் சீக்கிரம் கைவிட்டன. அமெரிக்காவில் ஜான் கார்ட்டி 1880களில் இரட்டைக் கம்பிச் சுற்றைப் புகுத்தியதும் இரைச்சல் அடங்கியது, செலவு இரட்டித்தது. அந்தச் செலவைத் தாங்க முடியாத நாட்டுப்புறம் ஒற்றைக் கம்பியோடு நின்றது. பெல்லின் காப்புரிமைகள் 1893-94இல் காலாவதியானதும் அமெரிக்க விவசாயிகள் தங்கள் வேலிகளின் முள்கம்பியிலேயே தொலைபேசியை இணைத்துப் பேசிக்கொண்டார்கள். மழை பெய்தால் வேலிக்கால் வழியே குரல் மண்ணுக்குள் கசியும். கம்பிக்கும் காலுக்கும் நடுவே கண்ணாடித் துண்டு, பழைய தோல் என்று எதையாவது செருகுவார்கள். நிறுவனம் வராத இடத்தில் மக்களே செய்துகொண்ட வேலை அது.

மலாயாத் தோட்டங்களில் அப்படி நடக்கவில்லை. வேலியும் நிலமும் தொழிலாளியுடையவை அல்ல. தோட்டத்தில் தொலைபேசி என்றால் அது ஆபீசில் இருக்கும், துரை பங்களாவில் இருக்கும். லயத்தில் நடுராத்திரி பிரசவ வலி கண்டால் கிராணி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அங்கே இல்லாதது கம்பி அல்ல. கம்பியைத் தொடும் உரிமை.

ஒற்றைக் கம்பி மிகப் பெரிய அளவில் வென்ற இடம் மின்விநியோகம். நியூசிலாந்துப் பொறியாளர் லாயிட் மேண்டெனோ 1925 வாக்கில் ஒரே உயரழுத்தக் கம்பியும் மண்வழித் திரும்பலுமாகப் பண்ணைகளுக்கு மின்சாரம் கொடுத்தார். ஆஸ்திரேலியா அதைப் பின்பற்றி இன்று 2 லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு அத்தகைய கம்பிகளை வைத்திருக்கிறது, 12.7 அல்லது 19.1 கிலோவோல்ட், உறுதியான எஃகுக் கம்பி, தூரம் தூரமாகக் கம்பங்கள். மண்ணில் திரும்பும் மின்னோட்டத்துக்கு அங்கே 8 ஆம்பியர் என்று வரம்பு வைத்தார்கள். மண்ணோ கம்பியோ தாங்காது என்பதற்காக அல்ல, பக்கத்தில் ஓடிய தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சல் ஏறும் என்பதற்காக. ஒரே மண்ணை இரண்டு சேவைகள் பகிர்ந்துகொள்ளும்போது வரும் சண்டை இது.

ஒற்றைக் கம்பியின் அடுத்த அவதாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் மண்ணுக்கும் வேலை இல்லை. உருளைக் கம்பியின் மேற்பரப்பை ஒட்டி மின்காந்த அலை ஓட முடியும் என்று ஆர்னால்ட் ஜோமர்ஃபெல்ட் 1899இல் கணிதத்தில் காட்டியிருந்தார். ஐம்பது ஆண்டு கழித்து, 1950இல், அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பணியாற்றிய கெயார்க் கௌபௌ அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஒரு கம்பிக்கு மெல்லிய மின்காப்புப் பூச்சு. இரு முனையிலும் புனல் வடிவக் கொம்பு. புனல் வழியே நுழையும் அலை, பூச்சினால் சற்றே வேகம் குறைந்து, கம்பியை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டே போய் மறுமுனைப் புனலில் இறங்கும். உள்கம்பியும் வெளியுறையும் கொண்ட வழக்கமான கேபிளைவிட இழப்பு மிகக் குறைவு. 1950களில் அமெரிக்காவின் சிற்றூர்கள் சில, மலையுச்சி ஆண்டெனாவில் பிடித்த தொலைக்காட்சியை இவ்வகைக் கம்பியில் பள்ளத்தாக்குக்கு இறக்கின.

தீப்பெட்டித் தொலைபேசி செய்து விளையாடியவர்களுக்கு இதன் குணம் உடனே புரியும். லயத்து வாசலில் நாங்கள் இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே நூலைக் கட்டிப் பேசுவோம். நூல் விறைப்பாக இருக்க வேண்டும், நேராக இருக்க வேண்டும். வழியில் தூணைத் தொட்டால், யாராவது விரலை வைத்தால், குரல் நின்றுவிடும். கௌபௌ கம்பியும் அப்படியே. வளைவு வந்தால் அலை திருப்பத்தில் தடம் விட்டு வெளியே சிதறும். கம்பியைச் சுற்றிப் பல சென்டிமீட்டர் வெளி காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆற்றல் அந்த வெளியில்தான் ஓடுகிறது. கம்பியில் நீர்த்துளிகள் ஒட்டினால் இழப்பு ஏறும்.

அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனம் 2016 செப்டம்பரில் ‘ஏர்கிக்’ என்ற பெயரில் இதே கருத்தைப் புதுப்பித்தது. மின்கம்பங்களில் சிறிய பிளாஸ்டிக் ஆண்டெனாக்களைப் பொருத்தி, மின்கம்பியைத் தொடாமலே அதை ஒட்டி மில்லிமீட்டர் அலைகளை ஓடவிட்டு, கிராமங்களுக்கு அதிவேக இணையம் தருவது திட்டம். 2017 இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தில் சோதித்தார்கள். நாடு முழுக்கப் பரவும் சேவையாக அது உருவாகவில்லை. படித்த நாளில் எனக்கும் ஆசை வந்தது. காஹாங் சாலையின் மின்கம்பங்களை எண்ணிப் பார்த்தேன். ஆனால் இங்கே மழை வேறு. உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மழை மண்டலங்களைப் பிரித்தபோது மலேசியாவை மிகக் கடுமையான மண்டலத்தில் வைத்தது. ஆண்டில் 0.01 விழுக்காடு நேரம், அதாவது சுமார் 53 நிமிடம், மணிக்கு 145 மில்லிமீட்டரைத் தாண்டும் வேகத்தில் கொட்டும் மழை. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் அதில் நனைந்து தளர்ந்துபோகும். இந்த வட்டார மழையின் விளைவை ஸ்கூடாய் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாக அளந்துவருகிறது. நீர் சொட்டும் கம்பி, அதில் படரும் கொடி, உரசும் பனையோலை, அமரும் பறவை. திறந்த வெளியில் ஓடும் மேற்பரப்பு அலைக்குக் காஹாங் ஏற்ற இடம் அல்ல. இயற்பியல் சரி, இடம் சரியில்லை.

கம்பியே வேண்டாம், காற்றிலேயே அனுப்பலாம் என்றால் மரங்கள் வழிமறிக்கும். 1960களில் அமெரிக்க ராணுவம் தாய்லாந்துக் காடுகளில் விரிவாக அளந்தது. தியோடர் டாமிர் 1967இல் தந்த விளக்கம் அழகானது: காட்டுக்குள்ளிருந்து கிளம்பும் அலை மரங்களைத் துளைத்துக்கொண்டு நேரே போவதில்லை, மேலே ஏறி, இலைக்கூரையின் மேற்பரப்பை ஒட்டிப் பயணம் செய்து, மறுபடி இறங்குகிறது. அதாவது கம்பியில்லாத இடத்திலும் அலை தனக்கு ஒரு தடத்தைத் தேடிக்கொள்கிறது. காட்டின் உச்சியே கம்பியாகிறது. ஆனால் இது 200 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளுக்குப் பொருந்தும் கதை.

கைப்பேசி அலைகளுக்கு வைஸ்பெர்கர் 1982இல் தந்த சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். அடர்ந்த 100 மீட்டர் மரக்கூட்டத்தைக் கடக்க 450 மெகாஹெர்ட்ஸ் அலை இழப்பது சுமார் 16 டெசிபெல்; 700 மெகாஹெர்ட்ஸ், 18; 3.5 கிகாஹெர்ட்ஸ், 28க்கும் மேல். 18 டெசிபெல் என்றால் ஆற்றல் அறுபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 28 என்றால் அறுநூறில் ஒரு பங்குக்கும் கீழே. 1985இல் இந்நாட்டில் வந்த முதல் நடமாடும் தொலைபேசிச் சேவையான ‘அத்தூர்’ 450 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. மரங்களைப் பொறுத்தவரை அது நல்ல தேர்வு. இன்றைய ஐந்தாம் தலைமுறைக்கு 3.5 கிகாஹெர்ட்ஸும் 700 மெகாஹெர்ட்ஸும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நகரத்துக்கு முன்னது, தோட்டத்துக்குப் பின்னது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செம்பனைத் தோட்டத்துக்குக் காட்டில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. காட்டின் உயரம் தலைமுறைகளுக்கு மாறாது. செம்பனை ஆண்டுதோறும் அரை மீட்டர் அளவுக்கு வளர்ந்து, 25 ஆண்டில் வெட்டப்பட்டு, மறுநடவு ஆகிறது. கன்று நட்ட காலத்தில் கோபுரம் லயத்துக்குத் தெளிவாகத் தெரியும். பத்துப் பதினைந்து ஆண்டில் ஓலைகள் எழுந்து மறைத்துவிடும். ‘முன்னே நல்லா லைன் கிடைச்சுச்சு, இப்ப இல்லை’ என்று தோட்டத்தில் சொன்னால் அதைக் கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது. சேவைப் பரப்பு வரைபடங்கள் மறுநடவுச் சுற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2020இல் தொடங்கிய மலேசிய அரசின் ‘ஜென்டேலா’ திட்டம் 2021 இறுதியோடு மூன்றாம் தலைமுறைச் சேவையை மூடி, குடியிருப்புப் பகுதிகளில் நான்காம் தலைமுறைப் பரப்பை 96.9 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக இலக்கு வைத்தது. விழுக்காடு குடியிருப்புப் பகுதியை வைத்து எண்ணப்படுகிறது. மிஞ்சும் இடங்கள் காஹாங்குக்கு வடக்கே உள்ளவற்றைப் போன்றவை. செயற்கைக்கோள் ஒரு வழி: மீசாட் 3டி 2022 ஜூனில் ஏவப்பட்டது, ஸ்டார்லிங்குக்கு 2023இல் உரிமம் கிடைத்தது. வானம் திறந்திருந்தால் உடனே கிடைக்கும். ஆனால் அடைமழையில் தடுமாறும், மாதக் கட்டணம் தோட்டச் சம்பளத்துக்குக் கனக்கும். பள்ளி, மருந்தகம், சமூக மண்டபம் என்று பொதுவில் ஒன்று வைக்க உகந்தது.

நிலையான தீர்வு பழைய இடத்தில்தான் இருக்கிறது: சாலையோர மின்கம்பத்தில். கௌபௌ கம்பியின் வெளியே ஓடவிட்ட அலையை ஒளியிழை தன் கண்ணாடிக்குள் அடைத்துக்கொண்டது. வழிப்படுத்தப்பட்ட அலை என்ற அடிப்படை ஒன்றே. ஆனால் இதில் மழை இல்லை, வளைவு பயமில்லை, பக்கத்து மின்கம்பியின் இரைச்சலும் இல்லை. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் 2018-19இல் மலாக்காவின் ஜாசினில் தன் கட்டமைப்பைக் கொண்டு வீடுகளுக்கு ஒளியிழை இணைப்புக் கொடுத்துச் சோதித்தது. மின்சாரம் போகும் இடமெல்லாம் கம்பம் உண்டு. கம்பம் உள்ள இடமெல்லாம் இழை போகலாம். அதன் நுனியில் ஒரு சிறு கோபுரம், 700 மெகாஹெர்ட்ஸ், பனை உச்சிக்கு மேலே ஆண்டெனா. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை அலை பார்த்துக்கொள்ளும்.

தடை தொழில்நுட்பத்தில் இல்லை. தோட்டம் தனியார் நிலம் என்ற ஒரே காரணத்தால் நாட்டுப்புற மேம்பாட்டு நிதி பல பத்தாண்டுகள் தோட்ட வாசலோடு நின்றது. சாலை, குடிநீர், மின்சாரம் மூன்றும் தோட்டத் தமிழர்களுக்குத் தாமதமாக வந்த கதை அது. கண்ணாடி இழை அதே வாசலில் நிற்கக் கூடாது. கம்பம் நட, கோபுரம் எழுப்ப, தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திருப்பதற்குச் சட்டத்தில் ஒரு காலக்கெடு வேண்டும்.

வெள்ளத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு போதாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை இரு முறை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில் மின்சாரம் போகும், கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீரும், கம்பம் சாயும். அப்போது உதவுவது மிகப் பழைய ஒற்றைக் கம்பி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பி, நடுவில் இணைப்பு, தரையிலிருந்து நான்கைந்து மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டினால் அலை நேர் மேலே எழும்பி, பகல் வேளையில் அயனி மண்டலத்தில் பட்டு, குடையாக இறங்கும். மலையோ மரமோ அதை மறிப்பதில்லை, மேலிருந்து வருகிறதே! காட்டுக்குள் இருந்த ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மருத்துவ நிலையங்கள் 1960களில் வானொலி வழியாகத்தான் கொம்பாக் மருத்துவமனையோடு பேசின. நோயாளியை எடுத்துவர ஹெலிகாப்டர் கேட்டதும் அதன் வழியாகத்தான். காஹாங்கில் ஒரு பள்ளிக்கூடம், கம்போங் பெத்தாவில் ஒரு மண்டபம், இரண்டிலும் ஒரு கார் பேட்டரி, ஒரு சிறிய வானொலிப் பெட்டி, உரிமம் பெற்று இயக்கத் தெரிந்த இருவர். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் கம்பியைக் கட்ட இரண்டு மரம் போதும்.